டுப்... டுப்... சத்தம் வேண்டுமாம்! என்ஜினுக்குள் கைவைக்கத் துடிக்கும் புல்லட் பிரியர்கள்

"பேலன்சர்" போனால் கூடுவது நடுக்கம்தான்!

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் சாயங்கால நேரம் ஒரு நடை நடந்து பாருங்கள். சீட் கவர் ஒரு கடை, சைலன்சர் ஒரு கடை, கண்ணாடி, ஹாரன், கால் வைக்கும் கம்பி என்று வரிசையாகக் கடைகள். மோட்டார் சைக்கிளில் என்ன மாட்டலாம் என்று கேட்டால் நூறு பொருளை எடுத்துப் போடுவார்கள்.

ஆனால் சில வாலிபர்களுக்கு மாட்டுவதில் திருப்தி இல்லை. கழற்றுவதில்தான் குறி!

"அண்ணே, புது வண்டி தையல் மிஷின் மாதிரி ஓடுது. பழைய புல்லட் மாதிரி ஒரு அதிர்வு வேணும். உள்ளே பேலன்சர்னு ஒண்ணு போட்டிருக்கானாமே, அதைத் தூக்கிடலாமா?"

பட்டறைப் பக்கம் அடிபடும் பேச்சு இது. கைதேர்ந்த மெக்கானிக்காக இருந்தால் சிரித்துக்கொண்டே, "போய் டீ சாப்பிட்டுட்டு வா தம்பி" என்று அனுப்பிவிடுவார். அரைகுறை ஆசாமி கையில் சிக்கினால்? ஸ்பானர் எடுத்துவிடுவார்!

அந்த ஸ்பானர் எங்கே கொண்டுபோய் விடும் என்பதுதான் சங்கதி.

திருவொற்றியூர் வண்டி

புல்லட்டுக்கும் நம்ம ஊருக்கும் உள்ள சம்பந்தம் இன்று நேற்று வந்ததல்ல. இங்கிலாந்து கம்பெனியோடு சேர்ந்து சென்னையில் "என்பீல்டு இந்தியா" உருவானது 1955-ல். திருவொற்றியூர் தொழிற்சாலையிலிருந்து புறப்பட்ட வண்டி போலீஸ்காரர், பட்டாளத்துக்காரர், பண்ணையார், பால்காரர் என்று எல்லார் கைக்கும் போனது. அப்பா தெருமுனையில் திரும்பும்போதே சத்தம் கேட்டு அம்மா காபிக்குப் பால் வைத்துவிடுவார். அப்படி ஒரு சத்தம்!

அந்த இரும்பு என்ஜினில் பேலன்சர் கிடையாது. 2009 வாக்கில் அதை ஓரங்கட்டிவிட்டு வந்த அடுத்த என்ஜினிலும் கிடையாது. 2016-ல் வந்த ஹிமாலயன் வண்டியில்தான் ஒற்றை சிலிண்டருக்குப் பேலன்சர் போட்டார்கள். 2020 நவம்பரில் மீட்டியார் 350 வந்தது. அதன் புத்தம் புது என்ஜினில் பேலன்சர் உண்டு. அதே என்ஜின் 2021 செப்டம்பரில் கிளாசிக்குக்கும், 2023 செப்டம்பரில் புல்லட் 350-க்கும் ஏறியது.

கை மரத்துப்போகாமல் ஊருக்குப் போய் வரலாம் என்று பலர் சந்தோஷப்பட்டார்கள். "என்னய்யா இது, புல்லட்டா, பூனைக்குட்டியா?" என்று சிலர் முகம் சுளித்தார்கள். சுளித்த முகங்களில் பிறந்ததுதான் இந்தக் கழற்றும் ஆசை.

உள்ளே இருப்பது என்ன?

ஒற்றை சிலிண்டர் என்ஜினில் பிஸ்டன் மேலே போகிறது, நிற்கிறது, கீழே வருகிறது, நிற்கிறது. ஓடுகிற பஸ் சடன் பிரேக் போட்டால் நின்றுகொண்டிருப்பவர் முன்னால் சாய்கிறார் அல்லவா? பிஸ்டனுக்கு ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு சடன் பிரேக்! அந்தக் குலுக்கல் முழுவதும் என்ஜின் வழியாகச் சட்டத்துக்கும், சட்டத்தின் வழியாக ஹேண்டில் பாருக்கும், அங்கிருந்து உங்கள் உள்ளங்கைக்கும் வந்து சேரும்.

குலுக்கல் எவ்வளவு? கணக்குப் போட்டால் வாயைப் பிளப்பீர்கள். புது 350 என்ஜினில் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 85.8 மில்லி மீட்டர். பிஸ்டன், பின், வளையம், கனெக்டிங் ராடின் மேல்பாகம் எல்லாம் சேர்த்து அரைக் கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிஷத்துக்கு 4,000 சுற்று ஓடும்போது, உச்சியில் நின்று திரும்பும் அந்தக் கணத்தில் அரைக் கிலோ சாமான் இழுக்கும் இழுப்பு 380 கிலோவுக்குக் குறையாது! அதுவும் வினாடிக்கு 66 தடவை!

இதைச் சும்மா விட்டால் வண்டி என்ன ஆகும்? அதனால்தான் ஆதிகாலம் முதலே கிராங்க்கில், பிஸ்டனுக்கு எதிர்ப்பக்கம், எடை வைத்து வார்க்கிறார்கள். பிஸ்டன் மேலே போனால் இந்த எடை கீழே போகும். சரிக்குச் சரி.

அப்படியானால் முழு எடையையும் வைத்துவிடலாமே என்பீர்கள். முடியாது. பிஸ்டன் மேலும் கீழும் மட்டுமே போகிறது. கிராங்க் எடையோ வட்டமடிக்கிறது. பிஸ்டன் பாதி வழியில் இருக்கும்போது எடை பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும். அங்கே அதை எதிர்த்து நிற்க ஆள் இல்லை. மேல்-கீழ் குலுக்கலைக் கொன்றால் முன்-பின் குலுக்கல் பிறக்கும். எலிக்குப் பயந்து பூனை வளர்த்த கதை!

ஆகவே பழைய என்ஜின் நிபுணர்கள் ஒரு சமரசம் செய்தார்கள். பாதிக்குச் சற்று மேலே எடை வைத்து, மிச்சக் குலுக்கலை எந்தப் பக்கம் தள்ளினால் அந்த வண்டியின் சட்டம் தாங்கும் என்று ஓட்டிப் பார்த்து முடிவு செய்தார்கள்.

பேலன்சர் இந்தச் சமரசத்தை மாற்றியது. அது கிராங்க்குக்குப் பக்கத்தில் ஓடும் ஒரு சின்ன ஷாப்ட். ஒருபக்கம் மட்டும் கனமாக இருக்கும். கிராங்க் எந்த வேகத்தில் சுற்றுகிறதோ அதே வேகம், ஆனால் எதிர்த் திசை. கிராங்க்கில் பாதி எடை, பேலன்சரில் பாதி எடை என்பது பொதுவான கணக்கு. பிஸ்டன் உச்சிக்குப் போகும்போது இரண்டு எடையும் சேர்ந்து கீழே இழுக்கும். பக்கவாட்டில் வரும்போது ஒன்று முன்னே, ஒன்று பின்னே. ஒன்றை ஒன்று கழித்துவிடும். அவ்வளவுதான் சூட்சுமம்!

கிராங்க் இரட்டிப்பு வேகத்தில் துடிக்கும் ஒரு சின்ன நடுக்கம், பெரியதில் ஏறத்தாழ கால் பங்கு, அதற்கு இந்த ஒற்றை ஷாப்ட் மருந்தல்ல. புது வண்டியிலும் மிச்சமிருக்கும் லேசான துடிப்பில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

ஒற்றைக் குடக் காவடி

இப்போது பேலன்சரைக் கழற்றினால் என்ன ஆகும்?

காவடியில் இரண்டு குடம் தண்ணீர் தூக்கிக்கொண்டு ஒருவர் நடக்கிறார். ஒரு குடத்தை நாம் இறக்கிவிட்டு, "பாரம் குறைந்ததா?" என்று கேட்கிறோம்! கிராங்க்கின் எடை, பக்கத்தில் பேலன்சர் இருக்கிறது என்ற தைரியத்தில் வார்க்கப்பட்டது. துணையை எடுத்துவிட்டால் மேலே சொன்ன 380 கிலோவில் பாதி, அதாவது 190 கிலோ, எந்த எதிர்ப்பும் இல்லாமல் வட்டமடித்துக்கொண்டு சட்டத்தைக் குலுக்கும். கிளாசிக் 350-ன் மொத்த எடையே 195 கிலோதான் என்பதை இங்கே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

"பழைய புல்லட்டும் அப்படித்தானே நடுங்கியது?" என்று நம்ம வாலிபர் மடக்குவார். நியாயமான கேள்விதான். நடுங்கியது உண்மை. நட்டு கழன்று ரோட்டில் விழுந்ததும் உண்மை. ஆனால் அந்த நடுக்கத்துக்கு ஏற்ற கனத்தில் சட்டம் இருந்தது, பிராக்கெட்டுகள் இருந்தன. வேகமும் குறைவு. 2009-ல் வந்த 350 என்ஜின் தன் முழு பலமான 19.8 குதிரைத்திறனை 5,250 சுற்றில் கொடுத்தது. புதுசு 20.2 குதிரைத்திறனை 6,100 சுற்றில் கொடுக்கிறது. சுற்று இரண்டு மடங்கானால் குலுக்கல் நான்கு மடங்காகும். ஆக, 6,100-க்கும் 5,250-க்கும் உள்ள வித்தியாசம் காகிதத்தில் தெரிவதைவிடக் கையில் அதிகமாகத் தெரியும்.

மேலும், பழைய வண்டியில் என்ன இருந்தது? காயில், கண்டென்சர், பிளாட்டினம் பாயிண்டு. குலுங்கினால் குலுங்கட்டும்! இப்போதைய வண்டியில் பெட்ரோலை அளந்து ஊற்றக் கம்ப்யூட்டர், நாலா பக்கமும் சென்சார், பிரேக்குக்கு ஏ.பி.எஸ். மெல்லிய வயர், சின்னச் சின்ன கனெக்டர். வினாடிக்கு 66 தடவை ஆட்டினால் இவை எத்தனை நாளைக்குத் தாங்கும்? திடீரென்று நடுரோட்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். காரணம் தேடித் தேடியே பாதிச் சம்பளம் கரையும்.

சத்தம் எங்கே போனது?

நம்ம ஆள் தேடிய "டுப்... டுப்..." வந்ததா என்றால், இல்லை!

அந்தச் சத்தம் பேலன்சரில் ஒளிந்திருக்கவில்லை. எரிந்த புகை சைலன்சர் வழியாக வெடித்து வெளியேறும் ஓசை அது. நாலு ஸ்ட்ரோக் என்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடி. பழைய வண்டியில் கார்புரேட்டர் ஸ்குரூவைத் திருகி 600 சுற்றுக்கு இறக்கிவிட்டால் வினாடிக்கு ஐந்தே வெடி. ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காதில் விழும். கனத்த பிளைவீல் அந்த மெதுவான ஓட்டத்திலும் என்ஜினை நிற்கவிடாது. இப்போதைய வண்டியில் கம்ப்யூட்டர் அவ்வளவு கீழே இறங்க விடுவதில்லை. 1,000 சுற்று என்றால் வினாடிக்கு எட்டு வெடிக்கு மேல். அதனால்தான் காதுக்கு வித்தியாசம்.

காது வேறு, கை வேறு. பேலன்சரைக் கழற்றியவருக்கு காதுக்குக் கிடைத்தது பூஜ்யம், கைக்குக் கிடைத்தது தண்டனை.

வெள்ளை விரல்

கை நடுக்கத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். தாம்பரத்திலிருந்து பாரிமுனைக்குத் தினமும் வண்டியில் வந்து போகிறவர்கள், நாள் முழுவதும் வீடு வீடாகச் சாப்பாட்டு மூட்டை சுமக்கும் பையன்கள் இவர்களைக் கேளுங்கள். வண்டியை விட்டு இறங்கிய பிறகும் விரலில் எறும்பு ஊர்வது போலிருக்கும். பேனா பிடித்தால் எழுத்து கோணும்.

அதிரும் கருவிகளை வருஷக்கணக்கில் பிடித்து வேலை செய்தவர்களுக்கு விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் நோய் ஒன்று உண்டு. 1918-ல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டும் தொழிலாளிகளிடம் இதை ஆராய்ந்தவர் ஆலிஸ் ஹாமில்டன் என்ற பெண் டாக்டர். காற்றழுத்தச் சுத்தியல் பிடித்த கைகள் அவை. மோட்டார் சைக்கிளும் அதிரும் கருவிதான் என்பதை விரல்கள் அறியும்.

எல்லாரும் முட்டாள்களா?

அப்படியானால் பேலன்சரைக் கழற்றுகிறவன் எல்லாம் பைத்தியக்காரனா? அதுவும் இல்லை.

ரேஸ்காரர்கள் சிலர் கழற்றுவது உண்டு. சுற்றுகிற எடை குறைந்தால் என்ஜின் வேகமாக ஏறி இறங்கும். ரேஸ் சிறிது நேரத்தில் முடிந்துவிடும், என்ஜினும் அடிக்கடி பிரிக்கப்படும், கை மரத்தால் மரக்கட்டும் என்பது அவர்கள் கணக்கு. ஆபீசுக்கும் மார்க்கெட்டுக்கும் போகிற 20 குதிரைத்திறன் வண்டியில் இதனால் கிடைக்கும் லாபம் கண்ணுக்குத் தெரியாது.

இன்னொரு ரகம், பழைய ஜப்பான் வண்டிக்காரர்கள். 1970-களில் ஜப்பானியர்கள் பேலன்சரைச் செயின் போட்டு ஓட்டினார்கள். செயின் நீளும், டென்ஷனர் தேயும். யமஹாவின் டி.எக்ஸ். 750 கதையைக் கேட்டால் பாவமாக இருக்கும். 1973 வாக்கில் ஓஹோ என்ற விளம்பரத்தோடு வந்த வண்டி. பேலன்சர் எடைகள் ஆயிலில் முங்கிச் சுற்றின. தயிர் கடைந்தது போல் ஆயில் நுரைத்தது. நுரையைப் பம்ப் செய்தால் பேரிங்குக்கு என்ன கிடைக்கும்? என்ஜின்கள் பழுதாகி, நடுக்கத்தைப் போக்க வந்த சாதனமே வண்டியின் பெயரைக் கெடுத்தது.

கவாசாகியின் கே.எல்.ஆர். 650-ல் பேலன்சர் செயினை இறுக்கும் ஒரு சின்ன லிவர் உடைந்து தொல்லை கொடுத்தது. உடைந்த துண்டு உள்ளே விழுந்தால் என்ஜின் கதி என்ன? ஆனால் அந்த வண்டிக்காரர்கள் கெட்டிக்காரர்கள். பேலன்சரைத் தூக்கி எறியாமல், உறுதியான லிவரை வாங்கி மாட்டிக்கொண்டார்கள்.

பேலன்சரே இல்லாமல் கௌரவமாக ஓடிய வண்டிகளும் உண்டு. யமஹா எஸ்.ஆர். 500 வந்தது 1978-ல். ஒற்றை சிலிண்டர், பேலன்சர் இல்லை, ரசிகர்கள் ஏராளம். இங்கிலாந்தின் நார்ட்டன் கமாண்டோவில் 1967-லேயே வேறு தந்திரம் செய்தார்கள். என்ஜின் நடுங்கட்டும் என்று விட்டுவிட்டு, அதை ரப்பரில் உட்கார வைத்தார்கள். இத்தாலியின் டுகாட்டி கம்பெனி 1993-ல் வெளியிட்ட சூப்பர்மோனோ ரேஸ் வண்டியில், இரண்டாவது பிஸ்டனுக்குப் பதில் சும்மா ஆடும் ஒரு பொம்மைக் கனெக்டிங் ராடை வைத்து நடுக்கத்தை அடக்கினார்கள். ஆக வழிகள் பல. ஆனால் எல்லாம் முதலிலேயே யோசித்துச் செய்தவை. பாதி வழியில் ஒரு சாமானைப் பிடுங்கியவை அல்ல.

பிடுங்குவது சுலபமா?

அதுவும் கிடையாது. ஷாப்டை உருவினால் அது உட்கார்ந்திருந்த இடத்தில் ஆயில் வரும் துவாரம் இருக்கலாம். அதை அடைக்காவிட்டால் ஆயில் அங்கேயே வழிந்து, போக வேண்டிய பேரிங்குக்குப் பஞ்சம் வரும். கிராங்க்கில் பேலன்சரை ஓட்டும் பல்சக்கரத்தையும் எடுத்தால், அதே அகலத்துக்கு லேத்தில் ஒரு புஷ் கடைந்து போட வேண்டும். மயிரிழை பிசகினால் பக்கத்துச் சக்கரம் ஆடும். சில என்ஜின்களில் இந்த ஷாப்டே வேறு சாமான்களையும் ஓட்டும்.

முறையாகச் செய்வதென்றால் கிராங்க்கையே வெளியே எடுத்து, எடையைக் கூட்டிக் குறைத்து, புதிதாக நிறுக்க வேண்டும். நல்ல லேத் பட்டறையும், கணக்குத் தெரிந்த ஆளும், கனத்த பர்சும் வேண்டும். இதையெல்லாம் செய்தாலும் கிடைப்பது பழைய சமரசம்தான்.

சட்டம் வேறு இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்கிறது. 2019-ல் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் சொந்தக்காரருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். வாரண்டியை மறந்துவிட வேண்டியதுதான். விபத்து என்று இன்சூரன்ஸ் கேட்கப் போனால் அங்கேயும் கேள்வி எழும்.

முதலில் புள்ளியைப் பாருங்கள்

"என் வண்டியில் பேலன்சர் இருந்தும் நடுங்குகிறதே, அது இருந்து என்ன புண்ணியம்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம். கிராங்க்கின் பல்சக்கரத்திலும் பேலன்சரின் பல்சக்கரத்திலும் புள்ளி அல்லது கோடு அடையாளம் இருக்கும். இரண்டும் நேருக்கு நேர் சேர்ந்தால்தான் கணக்குச் சரி. என்ஜினைப் பிரித்து மாட்டும்போது அவசரத்தில் சில பல் தள்ளி மாட்டிவிட்டால், பேலன்சர் நடுக்கத்தை முழுசாக அடக்காது. எக்கச்சக்கமாகத் தள்ளிப்போனால் இல்லாததைவிட மோசமாகக் குலுக்கும்! என்ஜின் வேலை பார்த்த பிறகு நடுக்கம் வந்திருந்தால், சந்தேகத்தை முதலில் அங்கே வையுங்கள். என்ஜினைச் சட்டத்தோடு பிடிக்கும் போல்ட் தளர்ந்திருக்கிறதா, செயின் தொங்குகிறதா, டயரில் காற்று சரியா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். செலவு ஒரு டீக்காசில் முடிந்தாலும் முடியும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகிறவர்களும் உஷார். முன்னால் வைத்திருந்த புண்ணியவான் உள்ளே என்ன செய்தாரோ, யார் கண்டது? சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, பக்கக் கண்ணாடியைப் பாருங்கள். மெதுவாக ஓடும்போது வித்தியாசம் தெரியாது. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். பின்னால் நிற்கிறவர் முகம் கண்ணாடியில் கலைந்துபோய், நம்பர் பிளேட் தாளம் போட ஆரம்பித்தால், உடனே குனிந்து என்ஜின் கவரைக் கவனியுங்கள். போல்ட் தலையில் ஸ்பானர் வழுக்கிய கீறல் இருக்கிறதா? மூடி ஓரத்தில் கேஸ்கட் பேஸ்ட் புதிதாகப் பிதுங்கியிருக்கிறதா? இருந்தால் விலையைப் பேசுவதற்கு முன்னால், "பேலன்சர் உள்ளே இருக்கா, இல்ல வீட்டில் சாக்குப் பையில் இருக்கா?" என்று கேட்டுவிடுங்கள்.